கொடியில் ஒரு சீருடை

ஈரத் துணியைக் காயவைக்காமல் உறையில் போட்டு முத்திரை வைக்கக் கூடாது. பூஞ்சை பிடித்துத் தடயமெல்லாம் பாழாகிவிடும். வெயிலில் போடக் கூடாது, இஸ்திரியும் ஆகாது. தடயவியல் கூடத்தில் துணி உலர்த்தும் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் அத்துப்படி.

ஆனால் குளத்திலிருந்து பிணமாக எடுத்த சிறுமியின் பள்ளிச் சீருடை காயவே மாட்டேன் என்றது. பக்கத்தில் தொங்கிய போர்வைகூட மறுநாளே மொரமொரவென்று ஆகிவிட்டது. இது மட்டும் ஒரு வாரமாகச் சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஒரு துணிய காயவைக்கத் துப்பில்லையா?" என்று இன்ஸ்பெக்டர் போனில் குதித்தார். அவளும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள்.

அன்று மாலை சிறுமியின் அம்மா கூடத்து வாசலில் காத்திருந்தாள். அவளிடம் எதைச் சொல்லிச் சமாளிப்பது? உள்ளதைச் சொன்னாள்.

"துணி இன்னும் காயலக்கா. அதான் கேஸ் நகரல."

அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை.

"அது காயாதும்மா. அவ சாகறதுக்கு முந்துன நாளே காயல. நல்ல வெயிலு, ஆனா சொட்டிக்கிட்டே இருந்துச்சு. மறுநா ஈரத்தோடயே போட்டுட்டுப் போனா."

மறுநாள் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. கூடத்துக்குக் கிளம்புமுன், முந்தின நாள் துவைத்துப் போட்ட துணியை எடுக்கத் தன் வீட்டு மொட்டைமாடிக்குப் போனாள். கொடியில் எல்லாம் காய்ந்து படபடத்தன. தன் மகளின் பள்ளிச் சீருடையை மட்டும் காணோம். அது தொங்கிய இடத்துக்குக் கீழே மட்டும் தரை நனைந்திருந்தது. அங்கிருந்து படி நெடுகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

விழுந்தடித்துக் கீழே ஓடினாள்.

"பாப்பா எங்கங்க?"

கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பஸ் வந்துருச்சு. பரவாயில்லன்னு ஈரத்தோடயே போட்டுட்டுப் போயிட்டா."