ஒதுங்குமிடம்

"வா... வா... இன்னும் கொஞ்சம் வா... நில்லு!"

காருக்குப் பின்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்த நான், பனியில் சறுக்கி மல்லாந்து விழுந்தேன்.

உள்ளே டாம்சின் சிரிப்பது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு, அப்பா விழுவதைவிட நல்ல காட்சி வேறென்ன இருக்கிறது?

என் மனைவி ஜூடித் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை விடாமல் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"எழுந்திரு கிளைவ். சர்க்கஸ் எல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். உங்க அப்பா காத்துக்கிட்டிருக்கார்."

காலையில், அப்பாவை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் நர்ஸ் கூப்பிட்டிருந்தாள். வருவதாக இருந்தால் இன்றைக்கே வந்துவிடுங்கள், பேசுவது இன்னும் அவர் காதில் விழுகிறது என்றாள். லெஸ்டரில் எங்கள் வீட்டு வாசலில் காரில் ஏறி உட்கார்ந்த ஜூடித் எங்கும் நிறுத்தவில்லை. டாம்சின் ஒன்றுக்குப் போகக்கூட கெஞ்ச வேண்டியிருந்தது. யார்க்‌ஷர் மலைகளுக்குள் நுழைந்ததும் எங்கள் கைப்பேசிகள் மூன்றும் சிக்னல் இல்லாமல் செத்துப்போயின.

நான் வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அப்பாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்.

சின்ன வாக்கியம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் பாதி வழியில் கேலியாக மாறிவிட்டது. எங்கள் பண்ணை வீட்டில் யாருக்காவது பாசம் பொங்கினால், உடனே ஆடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம்.

இன்றைக்கு ஆடு வேண்டாம். கேலி வேண்டாம். அவர் காது கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிரே ஒரு வேன் வந்தது.

இரண்டு பக்கமும் கல் சுவர். நடுவில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம். எதிரெதிரே மாட்டிக்கொண்டால், வழிவிடுவதற்காகப் பாதையைக் கொஞ்சம் அகலமாக்கிய ஒதுங்குமிடம் யாருக்குக் கிட்டமோ அவர்தான் பின்னால் போக வேண்டும். எங்களுக்குத்தான் கிட்டம்.

ஒருவழியாகக் காரை ஒதுக்கினோம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வா என்று கை காட்டினேன்.

வேன் மெல்ல, ஆள் நடக்கும் வேகத்தில் என்னைக் கடந்தது.

இந்தப் பக்கத்தில் சேறு அப்பாத வண்டியை நான் பார்த்ததில்லை. இது கழுவித் துடைத்த கறுப்பு. பக்கவாட்டில் கம்பெனிப் பெயர் கிடையாது. பின்பக்கம் ஜன்னலும் கிடையாது. முன்னால் இரண்டு ஆட்கள், கறுப்புக் கோட்டும், சாவுக்குக் கட்டும் கறுப்பு டையுமாக.

வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கில் இருந்தபடியே ஒரு விரலை உயர்த்துவது எங்கள் ஊர் மரியாதை. கொலைகாரன்கூட உயர்த்துவான். அப்பா, தான் பல வருஷமாகப் பேசாத பக்கத்துப் பண்ணைக்காரருக்கே உயர்த்துவார்.

வேன் ஓட்டியவர் உயர்த்தவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் தாழ்த்தினார். பக்கத்தில் இருந்தவரும் தாழ்த்தினார்.

நான் காருக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன்.

"ஒரு விரலைத் தூக்கினா தேய்ஞ்சா போயிடுவான்? நான் இவனுக்காகப் பனியில உருண்டிருக்கேன்!"

யாரும் சிரிக்கவில்லை. டாம்சின் பின்கண்ணாடி வழியாக அந்த வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த வண்டி..."

"பெல்ட்டைப் போடு, டாம்சின்."

பெல்ட் ஏற்கெனவே போட்டிருந்தது.

ஜூடித் சாவியைத் திருப்பினாள். கிளம்புவதற்கு இல்லை, எஞ்சினை அணைப்பதற்கு. வெளியே பனி விழுவது கேட்கும் அளவுக்கு அமைதி. சீட்டுக்கு அடியில் கையை விட்டு பிளாஸ்க்கை எடுத்தாள்.

"டீ குடிச்சிட்டுப் போகலாம்."

லெஸ்டரில் இருந்து எங்களை மூச்சுவிடக்கூட விடாதவள்.

'இப்ப அவசரம் எங்கே போச்சு?' என்று கேலி செய்ய வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து டாம்சின் என் தோளில் கையை வைத்தாள். கடைத்தெருவில் என்னைத் தெரியாதவள் மாதிரி பத்தடி தள்ளி நடப்பவள்.

வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பாதை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா? அதன் மறுமுனையில்தான் நான் பிறந்தேன். அது எங்கள் வீட்டு முற்றத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் மலைதான். வேன் வந்து திரும்ப இடையில் வேறு வீடு கிடையாது.

ஜூடித் பிளாஸ்க் மூடியில் ஊற்றி என்னிடம் கொடுத்தாள், தனக்கு ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டாள். என் டீ கொஞ்சம் முழங்காலில் சிந்தியது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கத்தவில்லை. கண்ணாடியில் ஆவி படர்ந்து சுவர், பாதை, மலை எல்லாம் மறைந்தன.

அப்போது அந்த வாக்கியம் மனசுக்குள் வந்தது. கேலி கலக்காமல், ஆடு எதுவும் குறுக்கே வராமல், முழுசாக.

டீயைக் குடித்து முடித்தேன்.

"இன்னும் இருக்கா?" என்றேன்.

பிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். இல்லை. தன் கோப்பையில் இருந்ததை என் மூடியில் ஊற்றினாள்.