ஆறு வாரத்தில் குணம்

திங்கட்கிழமை இடது காலை இழுத்து இழுத்து வந்தவர், புதன்கிழமை வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

பிசியோதெரபி கிளினிக்கின் மூலையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த அவள் மட்டும்தான் அதைக் கவனித்தாள். அவள் அங்கே வருவதே கவனிப்பதற்குத்தான். பிசியோதெரபி மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க, இருநூறு மணி நேரம் நோயாளிகளைக் கவனித்ததாகச் சான்றிதழ் வேண்டும். கூடவே, தன் உதவியால் தேறிய ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரை சப்பென்று இருந்ததால் இரண்டு வருடமாக இடம் கிடைக்கவில்லை.

"இந்தத் தடவையும் இல்லேன்னா, பேசாம மாமாவோட பெயின்ட் கடையில போய் உட்காரு" என்று அப்பா சொல்லியாகிவிட்டது.

குடையை ஊன்றுகோலாக்கிக்கொண்டு வெளியே வந்தவரை மாடிப்படி அருகே மடக்கினாள்.

"ஐயா, எந்தக் கால்ல அடி?"

"வலது... இல்ல, இடதும்மா."

"முடிவு பண்ணிட்டே சொல்லுங்க. எனக்கு அவசரமில்லை."

குடைக்காரர் தேள் கொட்டிய திருடனாக முழித்தார். "லாரி உரசினதும்மா. நஷ்டஈட்டு கேஸ் நடக்குது. வெளியில சொல்லிடாதீங்க, பிள்ளைகுட்டிக்காரன்."

"சொல்லலை. ஆனா ஆறு வாரம் நான் சொல்ற பயிற்சியைச் செய்யணும். என் கையால குணமாகணும்."

"குணமாயிட்டா என் கேஸ்?"

"கோர்ட்டுல நொண்டுங்க. என்கிட்ட நடங்க."

இவ்வளவு சுளுவாக மிரட்ட வரும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. வந்துபோகிற வண்டிச் செலவையாவது கொடுக்கும்படி அவர் முனகினார். போனால் போகிறது என்று ஒப்புக்கொண்டாள்.

மனிதர் சொன்னதையெல்லாம் செய்தார். சொல்லாததையும் செய்தார். 'சிகிச்சைக்கு முன்' படத்துக்குத் தானே சட்டையைக் கசக்கிக்கொண்டார்.

"நாலாவது வாரம் ஒரு தடவை கீழே விழுந்துடறேம்மா. ஒரேயடியா குணமானா நம்ப மாட்டாங்க."

பயம் வந்தால் மனிதனுக்கு எவ்வளவு பொறுப்பு வந்துவிடுகிறது என்று வியந்தபடி, அதையும் கட்டுரையில் சேர்த்துக்கொண்டாள்.

நேர்முகத் தேர்வில் பேராசிரியை கட்டுரையின் முதல் பக்கத்தில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பக்கத்தைப் புரட்டாமலே கேட்டார்.

"நாலாவது வாரம் கீழே விழுந்துட்டாரா?"

"ஆமா மேடம். மனசு உடைஞ்சு போயிட்டார். நான் விடலை."

"இப்போ எப்படி இருக்கார்?"

"படியெல்லாம் ரெண்டு ரெண்டா தாண்டி ஏறுறார்."

பேராசிரியை, அவளுக்கு முன் வந்துபோனவர்களின் மூன்று ஃபைல்களை மேஜை மேலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். வேறு வேறு பெயர்கள், வேறு வேறு கிளினிக்குகள். அதே குடை. அதே கசங்கிய சட்டை.

"பாவம்மா அந்த மனுஷன்" என்றார் பேராசிரியை. "காலையிலேர்ந்து இதோட நாலு தடவை விழுந்து எழுந்துட்டார்."