பெயர்கள் ஓடி முடியும்வரை

அனஹேரா வந்து ஃபெர்கஸுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும், ரோவீனா தன் கோட்டை இறுக்கிக்கொண்டாள்.

படம் வெளியாக இன்னும் ஆறு நாள் இருந்தது. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், அந்த அரங்கில் அன்றைக்குப் படத்தில் வேலை பார்த்தவர்களும், அவர்கள் ஆளுக்கு ஒருவராகக் கூட்டிவந்தவர்களும்தான்.

கூட்டிவரப்பட்டவர்கள் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவர்களுக்கு மட்டும்தான் கதை தெரியாது.

முதல் பாகம் வந்து பன்னிரண்டு வருடம். அதன் கடைசியில் விண்கலத்தின் கதவு திறக்கும், உள்ளேயிருந்து வெளிச்சம் வரும், அதோடு திரை இருண்டுவிடும். உள்ளே இருப்பது யார் என்று ரோவீனாவும் ஃபெர்கஸும் காதலித்த காலத்தில் பஸ்ஸில் சண்டை போட்டிருக்கிறார்கள், கடற்கரையில் சண்டை போட்டிருக்கிறார்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட.

பிறகு இரண்டாம் பாகத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. ரகசியம் காப்பதாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். உள்ளே இருப்பது யார் என்று நான்கு வருடமாக அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டவளும் அவள்தான். விளம்பரம் வந்தால் டிவியை அணைத்துவிடுவாள். அவர்கள் இருந்த மிராமாரில் பாதித் தெரு அந்தப் படத்தில்தான் வேலை பார்த்தது. ரொட்டிக் கடையில் நிற்கும்போதும் காதை அடைத்துக்கொண்டுதான் நிற்பாள். ஒருநாள் கடைக்காரர் வேண்டுமென்றே உரக்க, கடைசியில் கதாநாயகன் நம்ம கடைக்கு வந்து பன் வாங்குகிறான் என்று சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலச் சில்லறையை நீட்டினார்.

தனக்குத் தெரியாததில் அவளுக்கு வருத்தமில்லை. அனஹேராவுக்குத் தெரிந்திருந்ததுதான் பொறுக்கவில்லை.

ஃபெர்கஸின் குழுவை ஒருங்கிணைப்பது அனஹேரா. யார் எந்தக் காட்சியை எப்போது முடிக்க வேண்டும், படம் முடிந்ததும் யார் பெயர் எப்படி வர வேண்டும், எல்லாம் அவள் கையில். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். சமையலறையில் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். ரோவீனா நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். படத்து விஷயம் என்பான் ஃபெர்கஸ்.

ஒருமுறை அனஹேராவின் கண்கள் சிவந்திருந்தன. எந்தப் படத்து விஷயத்துக்கு ஒருத்தி இன்னொருத்தியின் சமையலறையில் நின்று அழுவாள்?

விளக்குகள் மங்கின. அனஹேரா ஃபெர்கஸைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

"ரோவீனா, கண்ணை மூடிக்கோ. இப்ப கம்பெனி சின்னம் வரும். அதுவும் ரகசியம்தான்."

ஃபெர்கஸ் சிரித்தான். ரோவீனாவும் சிரிக்க வேண்டியதாயிற்று.

திடுக்கிட வேண்டிய எந்த இடமும் அவளைத் திடுக்கிட வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி முன்னால் பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். அந்த மூச்சையும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்தக் கதவு வந்தது. அதன் வெளிச்சத்தைக் கணினியில் சரிசெய்ய மட்டும் ஃபெர்கஸ் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தான்.

கதவு திறந்தது.

உள்ளே இருந்தது யார் என்று இங்கே சொல்ல முடியாது. நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ரோவீனா அழுதாள். பன்னிரண்டு வருடச் சண்டையில் தான்தான் ஜெயித்ததாகச் சொல்லத் திரும்பினாள். ஃபெர்கஸ் அனஹேராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அனஹேரா மெல்லத் தலையசைத்தாள்.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

இந்த மாதிரிக் காட்சிகளில் பெயர்கள் முடியும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை. தெரிந்த பெயர் வந்தால் கூச்சல், கைதட்டல். ஓட்டுநர்களுக்கும் உண்டு, சமையல்காரர்களுக்கும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு, படம் தயாரான காலத்தில் அவர்கள் வீடுகளில் பிறந்த குழந்தைகளின் பெயர்கள் வரும்.

ரோவீனாவுக்கு அது தெரியும். அதற்கு முன்னால் எழுந்துவிடுவது என்று வீட்டிலேயே முடிவுசெய்திருந்தாள்.

"நான் வெளியே நிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பார்த்துட்டு வாங்க."

ஃபெர்கஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"உக்காரு. இன்னும் முடியலை."

குழந்தைகள் வந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து சத்தம் எழுந்தது. முன்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று, இது எங்க வீட்டுது, மூணு வருஷம் நான் தூங்காததுக்கும் சேர்த்துத் தட்டுங்க என்று குனிந்து வணங்கினான். அரங்கமே சிரித்தது. அவன் தூங்காத அத்தனை இரவுகளையும் ரோவீனாவால் பிடுங்கிக்கொள்ள முடிந்திருந்தால் அப்போதே பிடுங்கியிருப்பாள். தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

மணிக்கட்டில் பிடி இறுகியது. நிமிர்ந்தாள்.

ரிமு.

அந்தப் பெயரை மருத்துவமனை அறையில் அவர்கள் இருவரும் சேர்ந்து வைத்தார்கள். குழந்தை உயிரோடு இருந்த முப்பத்தொரு மணி நேரமும் அதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு யாரிடமும் அதைச் சொல்லக் கூடாது என்று ரோவீனா கேட்டுக்கொண்டாள். அவளுடைய அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

இந்தப் பெயருக்கு எந்த மூலையிலிருந்தும் சத்தம் வரவில்லை.

பிறகு, ஃபெர்கஸுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரே ஒரு ஆள் கைதட்டும் சத்தம்.

அப்படியானால் மூன்றாவது ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது, அந்தச் சமையலறையில் வைத்தே. ரோவீனாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அனஹேரா இவள் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்தபடி, கன்னத்தைத் துடைக்காமல், தட்டிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்து அரங்கம் தட்ட ஆரம்பித்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள், மற்றக் குழந்தைகளுக்கு அடித்தது போலவே, அதே அளவு நீளமாக.

அடுத்த பெயர் வந்துவிட்டது. ரோவீனா அப்போதுதான் கைதட்ட ஆரம்பித்தாள்.