குத்தகைக்காரர் மகன்

"எங்கப்பா பூதலூர்ல குத்தகைக்கு உழுதவருங்க. நிலம் எத்தனையோ கை மாறுச்சு, அவரை மட்டும் யாராலயும் வெளியேத்த முடியலை," என்றான் சபரிநாதன்.

"இது வயல் இல்லையே சார், கம்பெனி. பங்கு அதிகமா வச்சிருக்கிறவங்க போகச் சொன்னா போகத்தான் வேணும்," என்றாள் நிர்வாக இயக்குநர் அனுசுயா.

"வெயில்ல நின்னு வயலுக்கு வயல் ட்ரோன்ல மருந்து தெளிச்சது நான்தானே?"

"அதுக்குச் சம்பளம் வாங்கினீங்கல்ல? சாவியைக் கொடுங்க."

அவன் அலுவலகச் சாவியை மேசைமேல் வைத்தான்.

அந்தக் கம்பெனியைத் தொடங்கியவனே அவன்தான். பங்கு யார் பெயரில் இருந்தாலும் உழைப்பவனை அசைக்க முடியாது என்று நம்பி, சம்பளம் தர இயலாத மாதங்களில் எல்லாம் தன் பங்குகளைத் தன் முதல் ஊழியரான அனுசுயாவுக்கு எழுதிக் கொடுத்தவனும் அவன்தான்.