நாங்க நல்லா இருக்கோம்

போன் அடித்தபோது அம்மா சமையலறைத் தரையில் கிடந்தாள்.

காலையில் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவள்தான். வலது கால் திடீரென்று யாருடைய காலோ ஆகிவிட்டது. விழுந்த பிறகு கையும் அப்படியே. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கூப்பிட முயன்றால் வெறும் காற்றுதான் வந்தது.

பக்கத்தில் மகன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது தாண்டிய ஆள். நிலைப்படி தலையில் இடிக்கும் உயரம். சட்டைப் பொத்தான் போட மட்டும் அம்மா வேண்டும். இருந்த இடத்துக்கே எல்லாம் வந்தாக வேண்டும் என்பதால் அவனைத் துரை என்றுதான் கூப்பிடுவாள்.

துரை அவள் தலைக்கு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்திருந்தான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

வருகிற போனை எடுக்க அவனுக்குத் தெரியும். யாரையும் கூப்பிடத் தெரியாது. அதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. பொய் சொல்லிக்கொடுக்கவே நேரம் சரியாக இருந்தது.

இந்த நேரத்தில் கூப்பிடுவது சமூக நல அலுவலகம்தான். மற்ற நாட்களில் அந்த மணியைக் கேட்டாலே அவளுக்குப் பயம்தான். இன்றைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

முன்பெல்லாம் அலுவலகத்திலிருந்து ஆளே வீட்டுக்கு வருவார்கள். பிறகு ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, மாதத்துக்கு ஒரு போனோடு நிறுத்திக்கொண்டார்கள். அதிலும் ஒரு விதி. கேள்விகளுக்குச் சம்பந்தப்பட்டவரே பதில் சொல்ல வேண்டுமாம். துரையவர்களின் வாக்குமூலம்தான் செல்லும்.

அதனால் சோறு ஊட்டும்போதெல்லாம் அவனுக்குப் பாடம் நடத்தினாள். சாப்பிட்டாச்சு. மருந்து போட்டாச்சு. ஒரு கஷ்டமும் இல்லை. நாங்க நல்லா இருக்கோம்.

உண்மையையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தவள்தான். இடுப்பு விட்டுப்போச்சு, இவனைக் குளிப்பாட்ட ஒத்தாசைக்கு ஓர் ஆள் கிடைக்குமா என்று கேட்டாள். ஆள் வரவில்லை. வேன் வந்தது. உங்களுக்கும் ஓய்வு வேண்டாமா என்று தேனொழுகப் பேசி, அவனைக் காப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்தவனின் கணுக்காலைச் சுற்றி ஒரு தடம் இருந்தது. கட்டிப்போட்ட தடம் என்று கண்ணிருக்கிற யாருக்கும் தெரியும். அலுவலகத்துக்குத் தெரியவில்லை. தெருவில் வண்டி வந்து நின்றால் இன்றைக்கும் அவன் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவான்.

அன்றோடு அவள் உண்மையைத் தலைமுழுகிவிட்டாள்.

ஆனால் துரையின் வாயில் பொய் நிற்காது. இப்போது அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் கடைசியில் குட்டை உடைத்துவிடுவான். நல்லா இருக்கோம், அம்மாவுக்குத்தான் இடுப்பு வலி என்பான். அவள் போனைப் பிடுங்கிச் சிரித்து மழுப்புவாள். பிறகு அவன் முதுகில் செல்லமாக ஒன்று வைப்பாள்.

இன்றைக்கும் உளறுடா ராசா என்று மனசுக்குள் மன்றாடினாள். அவனைத் திருத்தித் திருத்திப் பேசவைத்த தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

துரை போனை எடுத்து, சத்தம் வெளியே கேட்கிற பொத்தானையும் அழுத்தினான்.

"என்ன தம்பி, சாப்பிட்டாச்சா?" வழக்கமான அதிகாரியம்மாதான். அவளுக்குப் பின்னால் யாரோ டீ வந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

சாப்பிட்டாச்சு என்றான். காலையிலிருந்து அவன் வாயில் ஒரு பருக்கை போகவில்லை. மருந்து போட்டாச்சு என்றான். மாத்திரை டப்பா மேடைமேல் திறக்காமல் இருந்தது. ஒரு கஷ்டமும் இல்லை என்றான்.

அம்மா இடது கையால் தரையைத் தட்டினாள். கை ஈரத்துணிமேல் விழுந்தது. பூனை நடந்த அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை.

நாங்க நல்லா இருக்கோம் என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

"சரி, அம்மாகிட்ட குடுங்க. ஒரு வார்த்தை பேசிடறேன்."

இது பாடத்தில் இல்லாதது. அம்மாவுக்கு மறுபடி உயிர் வந்தது. சொல்லிக்கொடுக்காததைக் கேட்டால் அவனுக்குப் பதில் வராது. திணறுவான், அழுவான். ஏதோ சரியில்லை என்று அந்தப் பெண்பிள்ளைக்கு உறைக்கும். அது போதும், யாராவது வந்துவிடுவார்கள்.

துரை அம்மாவைப் பார்த்தான். கோணிப்போன வாயையும் எச்சில் வழிந்த கன்னத்தையும் நிதானமாகப் பார்த்தான்.

"அம்மா கடைக்குப் போயிருக்காங்க."

அவனாகச் சொன்னான். குரல் பிசிறவில்லை. போனில் அம்மா சிரிப்பது மாதிரியே கடைசியில் லேசாகச் சிரிக்கவும் செய்தான்.

பரவாயில்லையே, எவ்வளவு தெளிவாகப் பேசுகிறீர்கள் என்று அதிகாரியம்மா மெச்சினாள். அடுத்த மாதம் பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

துரை போனைக் கீழே வைத்தான். துண்டை எடுத்து அம்மாவின் வாயை மெதுவாகத் துடைத்தான். அப்புறம் அவள் காதருகே குனிந்தான்.

"பயப்படாதம்மா. உன்னைக் கூட்டிட்டுப் போக யாரும் வர மாட்டாங்க."

எழுந்து போய், வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்தான்.