டக் என்றது டிஸ்க்

டக் என்றது ஹார்ட் டிஸ்க்.

ராக்கப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தச் சத்தம் வந்தால் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். சுழல விட்டால் உள்ளே தகட்டில் கீறல் விழும், அப்புறம் பிரம்மாவே வந்தாலும் ஒரு படத்தைக்கூட மீட்க முடியாது.

ஹார்ட் டிஸ்க் வாங்க ஒரு மாதம் உட்கார்ந்து படித்தவன் நல்லேப்பிள்ளி ஊரிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஒரே படங்களை வைக்க இரண்டு டிஸ்க், இரண்டும் ஒன்றாகச் சாகக்கூடாது என்று வேறு வேறு கம்பெனியில் வாங்கினான். மாதா மாதம் இரண்டையும் சோதித்தான். மனைவியின் பிறந்தநாளை மறந்திருக்கிறான், இதை மறந்ததில்லை.

அப்படியும் போன வாரத்து இடியில் ஒன்று போய்விட்டது. மாற்று டிஸ்க் நாளைக்குத்தான் வரும். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த இரண்டரை வருடப் படங்களும் இந்த ஒன்றில்தான் இருந்தன. வேறு எங்கேயும் இல்லை.

டக்.

"ஏனுங்க, அதை நிறுத்திப்போடுங்க. படமெல்லாம் போயிருமுங்க" என்றாள் ஸ்ரீஜா, சமையலறையிலிருந்து.

அவன் கை சுவிட்சுக்குப் போனது.

அறையின் அந்தக் கோடியில் மகள், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

டக்.

அவள் கை அப்படியே நின்றது. தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

டக்.

மறுபடியும் திரும்பினாள். இந்த முறை எழுந்து வந்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கறுப்புப் பெட்டியையே பார்த்தாள். கண்கள் அகல விரிந்திருந்தன.

ராக்கப்பனுக்கு மெய் சிலிர்த்தது. எந்தச் சன்னதியிலும் அவன் இப்படி வாயடைத்து நின்றதில்லை.

சுவிட்சிலிருந்து கையை எடுத்தான். படங்கள் போனால் போகட்டும்.

"ஸ்ரீஜா, இங்க வா. பேசாம வா."

ஈரக் கையோடு வந்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அன்று காலைதான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் குழந்தையின் காதுக்குப் பின்னால் மெஷினை மாட்டி, முதல்முறையாக அதை இயக்கினார்கள். மணி அடித்துப் பார்த்தார்கள். தட்டைத் தட்டிப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து எந்தச் சத்தத்துக்கும் திரும்பாதவள், அங்கேயும் திரும்பவில்லை.

டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தது.

அடுத்த சத்தத்துக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள்.