நேரடி விசாரணை

வாசலில் பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்த சிவப்பிரகாசம், வச்சலாவின் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு ஆபீசர வூட்டுக்கே கூப்ட்டு எழுதி வாங்குறியாடி?"

"கோர்ட்டே எழுதிக் குடுத்துடுச்சு. நீ யாருடா அத்த கேக்க?" என்றாள் வச்சலா.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த கிராம நிர்வாக அலுவலர், பேனாவோடு எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்.

மகள் தமிழரசிக்குச் செங்கல்பட்டில் நர்சிங் இடம் கிடைத்திருந்தது. மீன் விற்கும் அம்மாவின் வருமானம் மட்டும் என்றால் உதவித்தொகை உண்டு. இரண்டு ஃபைபர் படகு வைத்திருக்கும் அப்பாவின் வருமானமும் சேர்ந்தால் இல்லை.

வருமானச் சான்றுக்கு விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டியும் அலுவலர் மசியவில்லை. "ரேஷன் கார்டுல இன்னும் அவர் பேர் இருக்கேம்மா. உதவித்தொகைக்காகப் பிரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டு, ஒண்ணா குடித்தனம் பண்றவங்க நிறைய பேரு. வியாழக்கிழமை நேர்ல வந்து பார்த்துட்டுத்தான் எழுதுவேன்" என்றிருந்தார்.

இன்றைக்கு வியாழக்கிழமை. இந்த நேரம் பார்த்தா அப்பா வர வேண்டும் என்று தமிழரசிக்குப் பதறியது.

குறுக்கே விழுந்த தமிழரசியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, அவன் அடுப்பு மூலையைத் துழாவினான். "அருவாமனை எங்கடி?"

மீன் நறுக்கும் அருவாமனை எப்போதும் கிடக்கும் இடம் காலியாக இருந்தது. காலையில்தான் வச்சலா அதைப் பக்கத்து வீட்டுப் பூங்கொடியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

கையில் சிக்கிய சவுக்குக் கட்டையை அவள் தோளில் இறக்கினான். அடுத்த அடியில் உதடு கிழிந்தது. மூன்றாவதைத் தடுக்க வந்த அலுவலரின் சட்டைப்பை கிழிந்து தொங்கியது.

"யோவ், கவர்மென்ட் ஆளுய்யா நான்!"

"நீ கலெக்டரா இருந்தாலும் போட்டுத் தள்ளுவேன்."

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து அவனைத் தரதரவென்று மணலில் இழுத்துப் போனார்கள்.

அலுவலர் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். 'கணவரைப் பிரிந்து வாழ்கிறார், தாயின் வருமானம் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இனிமே யாரையும் விசாரிக்க வேணாம்மா. போலீசுக்குப் போனா நானே சாட்சி சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார்.

தமிழரசி ஈரத்துணியால் அம்மாவின் உதட்டை ஒற்றினாள். அழுகை ஆத்திரமாக மாறியது.

"ஆபீசர் வர்றது அந்தாளுக்கு எப்டித் தெரியும்? பூங்கொடி அக்காதான் போன் பண்ணி வத்தி வச்சிருக்கும். இன்னிக்கு அத்த இன்னா பண்றேன் பாரு."

எழுந்தவளின் கையை வச்சலா பிடித்து நிறுத்தினாள். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள்.

"அவளாண்ட போயி அருவாமனைய மட்டும் வாங்கினு வா. போன் பண்ணது நான்தான்."